வெல்லக்கூடியவர் யார்? அமெரிக்க முன்தேர்தலில் விருப்பமும் கணிப்பும்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வரவேண்டும் என்பது அதன் பொருள். அதில் இரண்டு வினாக்கள் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. இன்றே வாக்களிப்பதாயின் யாருக்கு அளிப்பீர்கள் என்பது முதல் வினா. உங்கள் கையில் ஒரு மந்திரக்கோல் இருந்து, தேர்தல் போட்டியே இன்றி ஒருவரை அதிபராக்க இயலுமாயின் யாரை ஆக்குவீர்கள் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு ஜோ பைடன் தெளிவாக முன்னணியில் நின்றார். இரண்டாம் வினாவிற்கோ எலிசபெத் வாரன் சற்றே முந்தினார்.

விடை கூறியவர்கள் ஒரே மக்கள்தாம். வினா மாறியதும் விடையும் மாறியது. ஒருவரை அதிபராகக் காண விரும்பிய சிலர், வாக்கை மற்றொருவருக்கு அளிக்க எண்ணியிருந்தனர். இவ்விரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அமெரிக்க அரசியலில் ஒரு சொல் நிரப்புகிறது. 'எலெக்டபிலிட்டி' என்பது அச்சொல். செய்தியாளர், கணிப்பாளர், கட்சியினர், வாக்காளர் என அனைவரும் அதனைக் கையாளுகின்றனர். அச்சொல் எதனைக் குறிக்கிறது, எதனை மறைக்கிறது, அதனைத் தமிழில் தருவோர் எவ்விடத்தில் கவனம் கொள்ளவேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லின் அமைப்பு

ஆங்கிலத்தில் 'எலெக்ட்' என்பது செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவர் மற்றொருவரைத் தேர்ந்தெடுக்கிறார். 'ஏபிள்' என்னும் விகுதி அதனோடு சேர்ந்ததும் தேர்ந்தெடுக்கப்படுபவர் மட்டுமே சொல்லில் எஞ்சுகிறார். தேர்ந்தெடுப்பவர் மறைந்து போகிறார். தேர்ந்தெடுக்கப்படக்கூடியவர் என்றால், யாரால் என்னும் வினாவிற்குச் சொல்லில் விடையில்லை. பல கோடி வாக்காளரின் செயல், வேட்பாளர் ஒருவரின் பண்பாக, அவருடைய உயரத்தையும் நிறத்தையும் போல அவரோடு ஒட்டிய ஒன்றாக, மாறிவிடுகிறது.

இதனைத் தமிழில் பெயர்க்க முனைவோர் உடனே ஒரு கிளைவழியில் நிற்க நேரும். தமிழில் 'தகு' என்னும் வினையடியும் 'கூடு' என்னும் வினையடியும் தனித்தனிப் பொருளுடையவை. 'படிக்கத்தக்க நூல்' என்றால் படிப்பதற்குரிய சிறப்புடைய நூல். 'படிக்கக்கூடிய நூல்' என்றால் படிப்பதற்கு இயன்ற நூல். எழுத்துத் தெளிவாக அச்சாகியிருந்தாலே போதும். முன்னது மதிப்பீடு, பின்னது வாய்ப்பு. எனவே 'தேர்ந்தெடுக்கத்தக்கவர்' என்று எழுதினால் அவர் தகுதியுடையவர் என்று பொருள்படும். 'தேர்ந்தெடுக்கப்படக்கூடியவர்' என்று எழுதினால் அவருக்கு வாய்ப்புண்டு என்பது மட்டுமே பொருள். ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் ஒரே உறையில் இட்டு வைத்திருக்கிறது. தமிழோ ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. இது தமிழின் குறையன்று. நமக்குக் கிடைத்த ஒரு தெளிவு.

எதிர்மறை வடிவத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. 'அவர் வெல்லக்கூடும்' என்பது கணிப்பு. அதனை எதிர்மறையாக்கி 'அவர் வெல்லக்கூடாது' என்றால், இன்றைய வழக்கில் அது கணிப்பன்று; விலக்கு. வெல்வது நடவாது என்பதற்குப் பதிலாக, வெல்வது ஆகாது என்னும் பொருளே தோன்றுகிறது. கணிப்பைச் சொல்ல விரும்பினால் 'வெல்லமாட்டார்' என்றோ 'வெல்ல வாய்ப்பில்லை' என்றோ கூறவேண்டும். இலக்கணத்தில் காணும் இச்சறுக்கல் அரசியல் பேச்சிலும் நிகழ்கிறது. 'அவர் வெல்லமாட்டார்' என்று தொடங்கும் கணிப்பு, சில வாரங்களில் 'அவர் நிற்கக்கூடாது' என்னும் விலக்காக மாறிவிடுகிறது. எவ்விடத்தில் மாறியது என்று சொன்னவரே அறிவதில்லை.

'வேட்பாளர்' என்னும் சொல்லையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 'வேள்' என்பது விரும்புதலைக் குறிக்கும் வினையடி. வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி முன்வருபவர் வேட்பாளர். விருப்பம் அவர்பால் ஒரு பாதி, வாக்காளர்பால் மறுபாதி. முன்தேர்தலில் இவ்விரண்டு விருப்பங்களும் நேருக்கு நேர் சந்திக்கவேண்டும். ஆனால் இடையில் மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் யார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முன்தேர்தல் நடைபெறும் முறை

அமெரிக்காவில் 'பிரைமரி' எனப்படுவதைச் சிலர் 'முதன்மைத் தேர்தல்' என எழுதுகின்றனர். முதன்மை என்பது தலைமையைக் குறித்துவிடுவதால், அதிபரைத் தேர்வு செய்யும் பொதுத்தேர்தலே இரண்டாம் நிலையது போன்ற மயக்கம் உண்டாகிறது. பொதுத்தேர்தலுக்கு முன்பு, கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் தேர்தல் இது. ஆகவே 'முன்தேர்தல்' என்று இங்கே வழங்குவோம்.

1968ஆம் ஆண்டு வரை வேட்பாளரைத் தெரிவு செய்வதில் கட்சித் தலைவர்களின் கையே ஓங்கியிருந்தது. அவ்வாண்டு ஹூபர்ட் ஹம்ஃப்ரி எந்த முன்தேர்தலிலும் போட்டியிடாமலே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். மாநாட்டு மண்டபத்திற்கு வெளியே கலவரம் மூண்டது. நவம்பரில் அவர் தோற்றார். அதன்பின் மெக்கவர்ன், ஃப்ரேசர் ஆகியோர் தலைமையில் அமைந்த ஆணையம் விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பேராளர்களைத் தெரிவு செய்யும் உரிமை பெரும்பாலும் வாக்காளரிடம் வந்தது.

இம்முறையில் இரண்டு கூறுகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. முதலாவது, மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. நியூ ஹேம்ப்ஷியர் 1920 முதல் முன்தேர்தலில் முந்திக்கொண்டது. 1972 முதல் அயோவா மாநிலத்தின் காகஸ் கூட்டங்கள் அதற்கும் முன்னதாக நடைபெறலாயின. 2024ஆம் ஆண்டிற்கு ஜனநாயகக் கட்சி தென் கரோலைனாவை முன்னிறுத்தியது. வரிசை எதுவாயினும், பின்னர் வாக்களிப்போர் முன்னர் வாக்களித்தோரின் முடிவை அறிந்தபின்னரே வாக்களிக்கின்றனர். இரண்டாவது, ஜனநாயகக் கட்சியின் விதிப்படி ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ 15 விழுக்காட்டை எட்டாத வேட்பாளருக்கு அங்கே பேராளர் கிடையாது. எட்டியவர்கள் பேராளர்களைத் தம் வாக்கு அளவிற்கேற்பப் பகிர்ந்துகொள்வர். எனவே தமக்கு மிகவும் பிடித்தவர் 15 விழுக்காட்டை எட்டுவாரா என்னும் கவலை, வாக்காளரை இரண்டாம் விருப்பத்தின் பக்கம் தள்ளுகிறது.

இவ்விடத்தில் இரண்டு வாய்ப்புகளை வேறுபடுத்திக் காணவேண்டும். கட்சியின் வேட்பாளராக வருவதற்குரிய வாய்ப்பு ஒன்று. வேட்பாளராக வந்தபின் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சியை வெல்வதற்குரிய வாய்ப்பு மற்றொன்று. அரசியல் ஆய்வாளர் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களால் குறிப்பர். பொதுமக்கள் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன. அயோவாவில் வென்றவர் நவம்பரிலும் வெல்வார் என்று கருதுவது அக்கலப்பின் விளைவு. அயோவாவில் கட்சிக் கூட்டத்திற்கு வரும் தொண்டரும், பென்சில்வேனியாவில் நவம்பர் மாதம் வாக்களிக்கும் கட்சிசாரா வாக்காளரும் ஒருவரல்லர்.

பிறர் விருப்பத்தைக் கணிப்பது

பொருளியலறிஞர் கெய்ன்ஸ் 1936இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தித்தாள் போட்டியை உவமையாகக் காட்டினார். நூறு முகங்களின் படங்களை வெளியிட்டு, அவற்றுள் மிக அழகான ஆறு முகங்களைத் தெரிவு செய்யுமாறு வாசகரைக் கேட்கும் போட்டி அது. போட்டியாளர் அனைவரின் பொதுவான தெரிவிற்கு மிக நெருங்கிய விடையை அனுப்பியவர்க்கே பரிசு. அப்போட்டியில் வெல்ல விரும்புபவர் தமக்கு அழகாகத் தோன்றும் முகத்தைத் தெரிவு செய்யமாட்டார். பிறர்க்கு அழகாகத் தோன்றும் என்று தாம் எண்ணும் முகத்தையே தெரிவு செய்வார். பிறரும் அவ்வாறே எண்ணுவதால், இறுதியில் யாருக்கும் பிடிக்காத முகம்கூட வெல்லக்கூடும். கெய்ன்ஸ் பங்குச் சந்தையை விளக்கவே இதனைக் கூறினார். முன்தேர்தலுக்கும் இது பொருந்தும்.

முன்பு குறிப்பிட்ட மூன்றாமவர் இவர்தாம்: வாக்காளரின் மனத்தில் வாழும் மற்றொரு வாக்காளர். அவர் பெரும்பாலும் வேறொரு மாநிலத்தவர், நடுத்தர வயதினர், கட்சி மாறி வாக்களிக்கக்கூடியவர், புதுமையை அஞ்சுபவர். அவரை நேரில் கண்டவர் சிலரே. ஆயினும் அவருடைய விருப்பத்திற்காகப் பலர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கின்றனர்.

இக்கணிப்பு எந்த அளவு நம்பத்தக்கது? ஆய்வுகள் இரு திசையிலும் சான்று தருகின்றன. ஒருபுறம், மக்கள் தமக்குப் பிடித்த வேட்பாளரே வெல்வார் என்று நம்ப விரும்புகின்றனர். விருப்பம் முன்னே செல்ல, கணிப்பு அதன் பின்னே செல்கிறது. மறுபுறம், வெற்றி பெறுபவர் போலத் தோன்றுபவர்பால் விருப்பமும் திரும்புகிறது. தொடக்க வெற்றிகள் ஒரு வேட்பாளர்க்கு உந்துவிசையாவதை லாரி பார்ட்டெல்ஸ் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆகவே விருப்பம், கணிப்பு ஆகிய இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. எது காரணம், எது விளைவு எனப் பிரிப்பது எளிதன்று.

கணிப்பிற்கு அடிப்படையே இல்லை என்பதும் சரியாகாது. வாக்காளரின் நடுப்புள்ளியை நோக்கிக் கட்சிகள் நகரும் என்னும் கருத்தை ஆண்டனி டவுன்ஸ் 1957இல் முன்வைத்தார். அமெரிக்கக் கீழவைத் தேர்தல்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹால், முன்தேர்தலில் தீவிரப் போக்குடையவர் மிதவாதியைச் சிறு வேறுபாட்டில் வென்ற இடங்களில், பொதுத்தேர்தலில் கட்சியின் வாக்குப் பங்கு சராசரியாக 9 முதல் 13 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை குறைந்ததாக 2015இல் எழுதினார். எனவே வேட்பாளரின் கொள்கை நிலை வெற்றியைப் பாதிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அது பல தேர்தல்களின் சராசரி. தனியொருவர் ஓர் ஆண்டில் வெல்வாரா என்னும் வினாவிற்குச் சராசரி முழு விடையாகாது.

மூன்று முன்தேர்தல்கள்

2004ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியில் ஹோவர்ட் டீன் முதலில் முந்தினார். ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதால் தொண்டர்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர் அவர். ஆனால் ஜார்ஜ் புஷ்ஷை வெல்ல வேண்டுமாயின் போர்க்களம் கண்ட ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. வியட்நாமில் போரிட்ட ஜான் கெர்ரி அதற்குப் பொருத்தமாகத் தோன்றினார். ஜனவரி 19ஆம் நாள் அயோவாவில் கெர்ரி ஏறத்தாழ 38 விழுக்காடும் ஜான் எட்வர்ட்ஸ் 32 விழுக்காடும் பெற்றனர். டீனுக்கு 18 விழுக்காடே கிடைத்தது. டீனோடு பழகினோம், கெர்ரியை மணந்துகொண்டோம் என்னும் பொருள்பட ஒரு முழக்கம் அந்நாளில் வழங்கியது. காதலுக்கு ஒருவர், குடும்பத்திற்கு ஒருவர் என்னும் கணக்கு அது. கோடைக்காலத்தின் முடிவில் எதிரணியைச் சார்ந்த விளம்பரங்கள் கெர்ரியின் போர்க்காலப் பணியையே தாக்கின. எது அவருடைய கேடயம் என்று கட்சியினர் எண்ணினரோ அதுவே இலக்காயிற்று. நவம்பரில் அவர் 251 தேர்வாளர் வாக்குகள் பெற்றுத் தோற்றார். புஷ் 286 பெற்றார். டீன் நின்றிருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்பாரா? இருக்கலாம். அதனை அறிய வழியே இல்லை என்பதுதான் இக்கணிப்பின் இயல்பு. தெரிவு செய்யப்பட்டவர் மட்டுமே சோதனைக்கு உள்ளாகிறார். விலக்கப்பட்டவர் ஒருபோதும் சோதிக்கப்படுவதில்லை.

2008ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்கு மறுதலை. கறுப்பினத்தவர் ஒருவரை அமெரிக்கா அதிபராக்காது என்னும் ஐயம் கறுப்பின வாக்காளரிடையேயும் பரவியிருந்தது. 2007ஆம் ஆண்டுக் கணிப்புகள் சிலவற்றில் அவர்களிடையே ஹில்லரி கிளிண்டனே முன்னின்றார். 2008 ஜனவரி 3ஆம் நாள், மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையினத்தவராக இருந்த அயோவாவில் பராக் ஒபாமா வென்றார். அவ்வொரு முடிவு பல்லாயிரம் விளக்கங்கள் செய்ய இயலாததைச் செய்தது. வெள்ளையினத்தவர் வாக்களிக்கமாட்டார் என்னும் கணிப்பு கண்ணெதிரே பொய்த்தது. ஜனவரி 26ஆம் நாள் தென் கரோலைனாவில் ஒபாமா 55 விழுக்காடு பெற்றார். கிளிண்டனுக்கு 27 விழுக்காடு. நவம்பரில் ஒபாமாவுக்கு 365 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. இடைப்பட்ட நாள்களில் தென் கரோலைனா மக்களின் விருப்பம் புதிதாகப் பிறந்ததன்று. அடங்கியிருந்த விருப்பத்திற்கு அனுமதி கிடைத்தது என்று கூறுவதே பொருந்தும்.

2020ஆம் ஆண்டு முன்தேர்தல் இவ்விரண்டின் கூறுகளையும் உடையது. டோனல்ட் டிரம்பை வீழ்த்தவேண்டும் என்னும் நோக்கமே ஜனநாயகக் கட்சியினரிடம் மேலோங்கியிருந்தது. நியூ ஹேம்ப்ஷியரில் வாக்களித்து வெளியே வந்தோரிடம் எடுத்த கணிப்பில், கொள்கையில் தம்மோடு ஒத்தவரைக் காட்டிலும் டிரம்பை வெல்லக்கூடியவரே வேண்டும் என்றோர் பத்தில் ஆறு பேர் அளவினர். இருப்பினும் அவர்கள் ஒருவரையே நாடவில்லை. பிப்ரவரி 11ஆம் நாள் அங்கே பெர்னி சாண்டர்ஸ் முதலிடம் பெற்றார், பீட் பூட்டஜஜ் மிக நெருங்கி இரண்டாமிடம் பெற்றார், ஏமி குளோபுச்சர் மூன்றாமிடம், வாரன் நான்காமிடம். வெல்லக்கூடியவர் என்று ஓராண்டாகப் பேசப்பட்ட பைடன், அயோவாவில் நான்காமவராகவும் நியூ ஹேம்ப்ஷியரில் ஐந்தாமவராகவும் நின்றார்.

பிப்ரவரி 26ஆம் நாள் தென் கரோலைனாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார். 29ஆம் நாள் அம்மாநிலத்தில் பைடன் 48 விழுக்காட்டிற்கு மேல் பெற்று வென்றார். அடுத்த இரு நாள்களில் பூட்டஜஜும் குளோபுச்சரும் விலகி அவரை ஆதரித்தனர். மார்ச் 3ஆம் நாள் வாக்களித்த 14 மாநிலங்களுள் பத்தில் அவர் வென்றார். நியூ ஹேம்ப்ஷியரில் ஐந்தாமிடம் பெற்றதிலிருந்து அன்றுவரை கழிந்தவை மூன்று வாரங்கள். அம்மூன்று வாரங்களில் அவருடைய வயதோ, அறிவோ, அனுபவமோ, பேச்சோ மாறவில்லை. அவரைப் பற்றிப் பிறர் என்ன எண்ணுகின்றனர் என்னும் எண்ணம் மாறியது. 'வெல்லும் வாய்ப்பு' வேட்பாளரிடத்தில் உறையும் பண்பன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பொதுத்தேர்தலில் பைடன் 306 தேர்வாளர் வாக்குகள் பெற்று வென்றார். நாடு முழுவதும் ஏறத்தாழ 70 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். கணிப்பு சரியாயிற்று என்பர். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து அவர் பெற்ற கூடுதல் வாக்குகள் ஏறத்தாழ 43,000 மட்டுமே. அவை வேறு பக்கம் விழுந்திருந்தால், 'வெல்லக்கூடியவர் அவரே' என்று எழுதிய அதே கைகள் மற்றொரு விளக்கத்தை எழுதியிருக்கும்.

பொய்த்தவையும் மெய்த்தவையும்

கணிப்பு மெய்யான ஆண்டுகளும் உண்டு. 1964இல் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் 52 தேர்வாளர் வாக்குகளோடும், 1972இல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் 17 வாக்குகளோடும் தோற்றனர். மெக்கவர்ன் வென்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தையும் தலைநகர் வாஷிங்டனையும் மட்டுமே. இவ்விருவரும் கட்சிக்குள் பெரும் ஆர்வத்தை எழுப்பியவர்கள். இவர்களின் பெயர்கள் இன்றளவும் எச்சரிக்கையாகக் கூறப்படுகின்றன.

அவ்வாறே பொய்த்த ஆண்டுகளும் உண்டு. மிகத் தீவிரமானவர் என்று பலர் கருதிய ரானல்ட் ரேகன் 1980இல் 44 மாநிலங்களை வென்றார். வெல்லவே இயலாதவர் என்று தம் கட்சித் தலைவர்கள் பலரே கருதிய டிரம்ப், 2016இல் நாடளாவிய வாக்கில் ஏறத்தாழ 29 இலட்சம் குறைவாகப் பெற்றும் 304 தேர்வாளர் வாக்குகளோடு அதிபரானார். எச்சரிக்கைப் பட்டியலில் மெக்கவர்ன் இருக்கிறார், ரேகன் இல்லை. வென்றபின் ஒருவர் வெல்லமாட்டார் என்று கூறியதை யாரும் நினைவில் கொள்வதில்லை.

யாருடைய தயக்கம்?

2020ஆம் ஆண்டு முன்தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சியில் முன்வந்தோருள் அறுவர் பெண்கள். 'நான் அவருக்கு வாக்களிப்பேன். ஆனால் நாட்டு மக்கள் ஒரு பெண்ணை ஏற்கமாட்டார்கள்' என்னும் கூற்று அக்காலத்தில் எங்கும் கேட்டது. இக்கூற்றின் இலக்கணத்தை நோக்குவோம். முதல் வாக்கியத்தில் தன்மை ஒருமை. இரண்டாம் வாக்கியத்தில் படர்க்கைப் பன்மை. தயக்கம் முழுவதும் படர்க்கைக்கு உரியது. பேசுபவரிடம் ஒரு துளியும் இல்லை. இவ்வாறு ஒவ்வொருவரும் கூறினால் அந்தப் படர்க்கையில் எஞ்சுவோர் யார்? அண்டை வீட்டாரிடம் கேட்டால், அவரும் தம் அண்டை வீட்டாரையே சுட்டிக்காட்டுவார்.

தமிழில் 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் வேறு. 'நாம்' கேட்பவரையும் உட்கொள்ளும். 'நாங்கள்' அவரை வெளியே நிறுத்தும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. 'அமெரிக்கர் இன்னும் அதற்கு ஆயத்தமாகவில்லை' என்று ஓர் அமெரிக்கர் கூறும்போது, அவர் தம்மை அதில் சேர்த்துக்கொண்டாரா, நீக்கிக்கொண்டாரா? அத்தொடர் அதனைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதே தொடரைத் தமிழில் ஆக்கும்போது 'நாம் இன்னும் ஆயத்தமாகவில்லை' என்று எழுதிப் பார்த்தால், கூற்றின் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பது புலப்படும். பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் 'அவர்கள் ஆயத்தமாகவில்லை' என்றே எழுதுவார்.

அவ்வறுவருள் கமலா ஹாரிஸ் ஒருவர். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர். 2019 டிசம்பர் 3ஆம் நாள், ஒரு வாக்கும் பதிவாகுமுன்னரே, ஹாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தம் குடும்பத்தாரைக் குறிப்பிடுகையில் 'சித்தி' என்னும் தமிழ்ச் சொல்லைப் பன்மையாக்கி அவர் கூறியது உலகெங்கும் தமிழரை மகிழ்வித்தது. அம்மகிழ்ச்சியோடு தமிழரிடையே எழுந்த முதல் வினாவும் 'அவரால் வெல்ல முடியுமா?' என்பதே. 'அவர் நல்ல அதிபராவாரா?' என்பது அதற்குப் பின்னரே கேட்கப்பட்டது. கெய்ன்ஸ் காட்டிய போட்டியில் நாமும் கலந்துகொண்டோம், வாக்குரிமை இல்லாமலே.

2024இல் முன்தேர்தல்களில் வென்ற பைடன் ஜூலை 21ஆம் நாள் விலகினார். ஹாரிஸ் முன்தேர்தல் போட்டியின்றி வேட்பாளராகி, 226 தேர்வாளர் வாக்குகள் பெற்றுத் தோற்றார்; டிரம்ப் 312 பெற்றார். 'பெண் வெல்லமாட்டார் என்றோமே' என்போர் அதனைச் சான்றாகக் கொள்வர். விலைவாசி, குடிநுழைவு, ஆளுங்கட்சிமேல் எழுந்த சலிப்பு, நான்கு மாதத்திற்கும் குறைந்த பரப்புரைக் காலம் எனக் காரணங்கள் பல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு தேர்தலிலிருந்து ஒரே இழையை உருவி எடுத்து, இதுவே காரணம் என்பது ஆய்வாகாது. 2004இல் கெர்ரி தோற்றபின் 'போர்வீரர் வெல்லமாட்டார்' என்று எவரும் முடிவு கட்டவில்லை. எத்தகையோர் தோற்றால் அது அவருடைய தோல்வி, எத்தகையோர் தோற்றால் அது அவரைச் சார்ந்த அனைவரின் தோல்வி என்பதிலேயே ஒரு சமுதாயத்தின் சாய்வு வெளிப்படுகிறது.

மறுபக்கம்

இவ்வளவு கூறியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெல்லும் வாய்ப்பைக் கருதி வாக்களிப்பது கோழைத்தனமன்று. 2020இல் தென் கரோலைனாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளருள் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். வாக்குரிமைக்காகவே போராடிய தலைமுறையினர் அவர்களிடையே இருந்தனர். தோல்வியின் விலையைத் தம் வாழ்வில் செலுத்தியறிந்தவர்கள் அவர்கள். வெள்ளையின வாக்காளரின் மனம் எவ்வாறு இயங்கும் என்பதை அவர்கள் நூல் கற்று அறியவில்லை, வாழ்ந்து அறிந்தனர். அத்தகையோர் மந்திரக்கோல் வினாவிற்கு ஒரு விடையும் வாக்குச்சீட்டிற்கு மற்றொரு விடையும் தருவது முரண்பாடன்று. கிடைக்காத முழுமையைக் காட்டிலும் கிடைக்கும் பாதியைத் தெரிந்துகொள்ளும் அறிவு அது.

ஆகவே கணிப்பே தவறு என்பதன்று நம் கருத்து. கணிப்பைக் கணிப்பு என்று அறிந்து கூறவேண்டும் என்பதே. விருப்ப வரிசை முறையில் வாக்களிக்கும் மாநிலங்களில் இவ்வேறுபாடு வாக்குச்சீட்டிலேயே இடம்பெறுகிறது. 2020இல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி முன்தேர்தல்களில் வாக்காளர் தம் விருப்பங்களை முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்தினர். முதல் விருப்பம் தேறாவிடின் வாக்கு அடுத்ததற்குச் செல்லும். அங்கே வாக்காளர் பிறர் மனத்தைக் கணித்துத் தம் மனத்தை மறைக்கவேண்டிய தேவை குறைகிறது.

நிறைவுரை

அயல்நாட்டுத் தேர்தல் ஒன்றைப் பற்றி நாம் இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் உண்டு. அச்செய்திகளைத் தமிழில் தருவோர், படிப்போர், மாணவர்க்கு எடுத்துரைப்போர் நம்மிடையே உள்ளனர். 'எலெக்டபிலிட்டி' என்னும் சொல்லை 'வெற்றித் தகுதி' என்று பெயர்த்தால், வாய்ப்புக் குறைந்தவரெல்லாம் தகுதி குறைந்தவர் என்னும் பொருள் நம் மொழியில் நிலைத்துவிடும். தகுதி வேட்பாளரைப் பொறுத்தது. வாய்ப்பு காலத்தையும் களத்தையும் வாக்காளரையும் பொறுத்தது. 'வாய்த்தல்' என்னும் வினையே அதனைக் காட்டுகிறது. ஒன்று ஒருவர்க்கு வாய்க்கிறது என்போம்; அது அவருடைய உடைமை என்று கூறுவதில்லை. எனவே 'வெற்றி வாய்ப்பு' என்பதே பொருத்தமான சொல்.

அச்சொல்லை எங்கே கேட்டாலும் மூன்று வினாக்களை எழுப்பலாம். யாருடைய வாக்கைக் கருதி இது கூறப்படுகிறது? எந்தச் சான்றைக் கொண்டு கூறப்படுகிறது? கூறுபவர் தம்மை அவ்வாக்காளருள் சேர்த்துக்கொள்கிறாரா, நீக்கிக்கொள்கிறாரா? இவற்றுக்கு விடை கிடைத்தால் அது கணிப்பு. விடை கிடைக்காவிடின் அது கணிப்பின் உடையணிந்த விருப்பமாகவோ வெறுப்பாகவோ இருக்கக்கூடும். சங்கத் தலைவர் தேர்தல் முதல் பள்ளி மாணவத் தலைவர் தெரிவு வரை, நம் நாவிலும் இப்பேச்சு வருவதுண்டு. 'எனக்கு மறுப்பில்லை, மற்றவர் ஏற்கமாட்டார்' என்று சொல்ல நேரும்போது, அந்த மற்றவரின் பெயரை ஒருமுறை நமக்குள் கேட்டுக்கொள்வது நன்று. சில வேளைகளில் அப்பெயர் நம்முடையதாகவே இருக்கும்.